வட்டாரமா, அரசா? எச்ஐவி தடுப்பின் நாற்பதாண்டுக் கணக்கு

ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யுஎன்எய்ட்ஸ் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் வட்டாரவாரி அட்டவணை ஒன்று இருக்கும். 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2010க்கும் 2023க்கும் இடையில் புதிய தொற்றுகள் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் 59% குறைந்தன. கிழக்கு ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் 20% கூடின. லத்தீன் அமெரிக்காவில் 9% கூடின. மத்திய கிழக்கிலும் வட ஆப்பிரிக்காவிலும் இருமடங்குக்கும் மேலாயின. இதைப் பார்த்ததும் ஒரு விளக்கம் தானாகவே கைக்கு வந்துவிடுகிறது: வட்டாரத்துக்கு ஒரு பண்பாடு, பண்பாட்டுக்கு ஏற்ற நோய், நோய்க்கு ஏற்ற தடுப்பு முறை. மாநாட்டு மேடைகளிலும் செய்தித்தாள்களிலும் இவ்விளக்கம் கேள்வியின்றிச் செல்லுபடியாகிவருகிறது.

அதைச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. வைரஸ் எந்த வழியாக நுழைந்தது என்பதை வட்டாரம் விளக்கும். நுழைந்த பிறகு எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை அரசுகள் எடுத்த முடிவுகளே விளக்கும். ஒரே வட்டாரத்தில், ஒரே வகைத் தொற்றை எதிர்கொண்டு, வேறு வேறு முடிவெடுத்த அரசுகளை அருகருகே நிறுத்தினால் இது தெளிவாகும். எல்லா இணைகளும் முழுப் பொருத்தம் உடையவை அல்ல. பொருத்தம் எங்கே தளர்கிறது என்பதையும் சொல்லியே மேலே செல்ல வேண்டும்.

முதலில் அளவுகோல். மக்கள்தொகையில் எத்தனை விழுக்காட்டினருக்குத் தொற்று உள்ளது என்பதே பழகிப்போன அளவு. ஆனால் அது ஏமாற்றும் அளவு. சிகிச்சை நன்றாக நடக்கும் நாட்டில் தொற்றுள்ளோர் நீண்டகாலம் வாழ்கிறார்கள்; விகிதம் இறங்குவதில்லை. சிகிச்சை இல்லாத நாட்டில் அவர்கள் இறந்துபோகிறார்கள், விகிதம் இறங்குகிறது. 1990களில் உகாண்டாவின் விகிதம் சரிந்ததில் நடத்தை மாற்றத்தின் பங்கு எவ்வளவு, மரணத்தின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை. எண்ணிக்கையே ஆட்டம் காண்பதும் உண்டு. இந்தியாவில் 52 லட்சம் பேருக்குத் தொற்று என்று 2005இல் சொல்லப்பட்டது. தேசியக் குடும்பநல ஆய்வில் வீடு வீடாக எடுத்த ரத்த மாதிரிகளின் முடிவு வந்ததும், 2007இல் அது ஏறக்குறைய 25 லட்சமாகத் திருத்தப்பட்டது. நோய் பாதியாகவில்லை, அரசு மருத்துவமனைகளுக்கு வருவோரை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு திருந்தியது. அதே ஆண்டில் உலகக் கணக்கும் 3.95 கோடியிலிருந்து 3.32 கோடிக்கு இறங்கியது.

ஆகவே மூன்று அளவுகோல்களை முன்வைக்கிறேன். ஒன்று, பொருத்தம்: வைரஸ் சென்ற வழியிலேயே தடுப்பும் சென்றதா? இரண்டு, வேகம்: சான்று கிடைத்ததற்கும் செயல் தொடங்கியதற்கும் இடையில் எவ்வளவு காலம் கழிந்தது? மூன்று, நிலைப்பு: அமைச்சரோ நன்கொடையாளரோ மாறினாலும் திட்டம் நடக்குமா? நீதியைத் தனி அளவுகோலாக வைக்காததற்குக் காரணம் உண்டு. சமூகம் வெறுப்போரை விட்டுவிட்டுச் செய்யும் தடுப்பு முதல் அளவுகோலிலேயே தோற்றுவிடும். இந்தக் கூற்றுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு; அதைக் கியூபாவிடம் வரும்போது பார்ப்போம்.

வட்டார விளக்கத்துக்கு உரிய மதிப்பை முதலில் கொடுத்துவிட வேண்டும். தெற்கு ஆப்பிரிக்காவில் தொற்று பொதுமக்கள் முழுவதிலும் பரவியதற்கு அங்கே வலுவான காரணங்கள் இருந்தன. தங்கச் சுரங்கங்கள் பல நாடுகளின் கிராமங்களிலிருந்து ஆண்களைப் பிரித்து, ஆண்டின் பெரும்பகுதி விடுதிகளில் அடைத்துவைத்தன. விருத்தசேதனம் தொற்று வாய்ப்பைச் சுமார் 60% குறைக்கிறது என்று தென் ஆப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளின் ஆய்வுகள் 2005-07இல் காட்டின. அப்பழக்கம் இல்லாத சமூகங்கள் தெற்கில் மிகுதி. தென் ஆப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் இளம்பெண்களுக்குத் தங்களைவிடப் பல ஆண்டு மூத்த ஆண்களிடமிருந்தே தொற்று வருவதை வைரஸின் மரபணுத் தடயம் காட்டிக்கொடுத்தது. கிழக்கு ஐரோப்பாவின் வழி வேறு. சோவியத் சிதறலும் ஆப்கானிஸ்தான் ஹெராயினும் சேர்ந்து 1990களின் நடுவில் ஒடெசாவிலும் கலினின்கிராடிலும் ஊசிவழித் தொற்றைத் தொடங்கிவைத்தன. மேற்கு நாடுகளில் தன்பாலின உறவுள்ள ஆண்களிடையே முதலில் பரவியது. இவ்வளவும் வட்டாரக் கணக்கின் வரவு. ஆனால் ‘ஆப்பிரிக்க ஒழுக்கம்’ என்று கிசுகிசுக்கப்படும் விளக்கத்துக்கு இதில் இடமில்லை. 59 நாடுகளின் பாலியல் நடத்தையை ஒப்பிட்டு 2006இல் லான்செட்டில் வந்த ஆய்வு, பல துணைகள் கொண்டோர் செல்வந்த நாடுகளிலேயே அதிகம் என்று காட்டியது.

முதல் இணை தென் ஆப்பிரிக்காவும் போட்ஸ்வானாவும். இரண்டும் அண்டை நாடுகள். ஒரே வைரஸ் வகை, ஒரே சுரங்கப் பொருளாதாரம், உலகின் மிக உயர்ந்த தொற்று விகிதங்கள். போட்ஸ்வானா 2002இல் கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாகத் தரத் தொடங்கியது. தேசிய அளவில் அதைச் செய்த முதல் ஆப்பிரிக்க நாடு அதுவே. அதிபர் ஃபெஸ்டஸ் மொகாயே நோயின் தீவிரத்தை மறைக்காமல் பேசினார். வைர வருமானம் இருந்தது. கேட்ஸ் அறக்கட்டளையும் மெர்க் நிறுவனமும் உதவின. 2004 முதல் மருத்துவமனைக்கு வரும் எல்லாருக்கும், வேண்டாம் என்று சொன்னாலொழிய, பரிசோதனை செய்யப்பட்டது.

எல்லைக்கு இப்பால், அதே ஆண்டுகளில், அதிபர் தாபோ இம்பெக்கி எய்ட்ஸுக்கு வைரஸ்தான் காரணமா என்று சந்தேகம் எழுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய சுகாதார அமைச்சர் பூண்டும் பீட்ரூட்டும் எலுமிச்சையும் உண்ணச் சொன்னார். இதன் நடைமுறை விளைவை நெவிரபின் என்ற மருந்தின் வழக்கில் காணலாம். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று செல்வதைத் தடுக்கப் பிரசவ நேரத்தில் தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்தபின் குழந்தைக்குச் சில துளி மருந்து, அவ்வளவுதான். தயாரித்த நிறுவனம் ஐந்தாண்டுக்கு இலவசமாகத் தர முன்வந்தது. அரசோ மாகாணத்துக்கு இரண்டு என்று 18 இடங்களில் மட்டும் ‘ஆய்வுக்காக’ அனுமதித்தது. மற்ற அரசு மருத்துவமனைகளில் மருந்தின் பயனை அறிந்த மருத்துவரும் அதை எழுதித்தர முடியாது. டிரீட்மென்ட் ஆக்ஷன் கேம்பெயின் என்ற இயக்கம் வழக்குத் தொடுத்தது. 2002 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் தடையை நீக்க உத்தரவிட்டது. தேசியச் சிகிச்சைத் திட்டம் 2004இல்தான் நடைமுறைக்கு வந்தது. இந்தத் தாமதத்தின் விலை 2000க்கும் 2005க்கும் இடையில் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2008இல் மதிப்பிட்டார்கள்.

இந்த இணையில் ஒரு தளர்வு உண்டு. போட்ஸ்வானாவின் மக்கள்தொகை சிறியது. தென் ஆப்பிரிக்காவில் அதைப்போல் இருபது மடங்குக்கும் மேல். ஆனால் ஹார்வர்ட் ஆய்வு கேட்ட கேள்வி அந்தப் பெரிய நாட்டால் எல்லாருக்கும் மருந்து கொடுத்திருக்க முடியுமா என்பதன்று. அண்டை நாடுகள் தந்த அளவுக்கு, இருந்த வளத்தை வைத்தே தந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்பதே கேள்வி. ஆகவே முடிவு நிற்கிறது. இரு பக்கமும் நிறை குறையைச் சொல்ல வேண்டும். போட்ஸ்வானா 2021இல் எடுத்த ஆய்வில், தொற்றுள்ளோரில் 95% பேர் தங்கள் நிலையை அறிந்திருந்தனர். அவர்களில் 98% பேர் சிகிச்சையில் இருந்தனர். அவர்களிலும் 98% பேருக்கு வைரஸ் அடங்கியிருந்தது. ஆனால் அந்த நாடு 2019 வரை வெளிநாட்டவருக்கு இலவச மருந்து தரவில்லை. சிம்பாப்வேயிலிருந்து வந்த வீட்டு வேலைக்காரரும் அதே வைரஸைத்தான் சுமந்தார் என்பதை ஏற்க அதற்குப் பதினேழு ஆண்டு பிடித்தது. தென் ஆப்பிரிக்காவின் தொடக்கம் மன்னிக்க முடியாதது. ஆனால் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய, உலகின் மிகப் பெரிய சிகிச்சைத் திட்டத்தைப் பெரும்பாலும் சொந்தப் பணத்தில் நடத்துவதும் அதே நாடுதான். மருந்துக்காக நீதிமன்றத்தையும் தெருவையும் ஒருசேரப் பயன்படுத்திய மக்கள் இயக்கம் அங்கே உருவான அளவுக்குப் போட்ஸ்வானாவில் உருவாகவில்லை.

இரண்டாவது இணை தாய்லாந்தும் தாய்லாந்துமே. ஒரே அரசு, ஒரே காலம், இரண்டு விதமான மக்கள், இரண்டு விதமான முடிவு. 1989இல் சியாங்மாயின் விபச்சார விடுதிகளில் சோதித்த பெண்களில் 44% பேருக்குத் தொற்று இருந்தது. அதே ஆண்டு ராட்சபுரி மாகாணத்தில் மருத்துவர் விவாட் ரோஜனபிதயகோர்ன் தொடங்கிய திட்டத்தின் நுட்பம் கவனிக்கத் தக்கது. ஆணுறை வேண்டும் என்று ஒரு பெண் சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த விடுதிக்குப் போய்விடுவார். ஒரு விடுதி சொன்னால் பக்கத்து விடுதிக்குப் போய்விடுவார். ஆகவே மாகாணத்தின் எல்லா விடுதிகளுக்கும் ஒரே நாளில் ஒரே விதி: ஆணுறை இல்லையேல் சேவை இல்லை. பால்வினை நோயோடு அரசு மருத்துவகத்துக்கு வரும் ஆணிடம் எந்த விடுதிக்குப் போனாய் என்று கேட்பார்கள். அந்தப் பதிலே கண்காணிப்பு. ஒரே விடுதியின் பெயர் மீண்டும் மீண்டும் வந்தால் முதலில் எச்சரிக்கை, பிறகு கதவடைப்பு. ஆணுறையை அரசே இலவசமாகத் தந்தது. 1991இல் இது நாடு முழுவதும் விரிந்தது. மெச்சாய் வீரவைத்யா அமைச்சரவையில் இருந்துகொண்டு விளம்பரத்தை நடத்தினார். விலைமாதரிடம் செல்லும்போது ஆணுறைப் பயன்பாடு 1989இல் 14%. சில ஆண்டுகளில் 90%ஐத் தாண்டியது. தடுப்பு வரலாற்றில் இவ்வளவு வேகமும் பொருத்தமும் சேர்ந்த மற்றொரு செயல் அரிது.

இதிலும் குறை உண்டு. விதியின் பாரம் விடுதி முதலாளி மீது விழுந்ததாகச் சொல்லப்பட்டாலும், கட்டாயப் பரிசோதனையும் காவலரின் தொல்லையும் பெண்கள் மீதே விழுந்தன என்ற விமர்சனம் நியாயமானது. பெருங்குறை வேறிடத்தில் இருக்கிறது. பாலியல் தொழிலை நடைமுறைக் கண்ணோடு பார்த்த அதே அரசு, ஊசி போட்டுக்கொள்வோரைக் குற்றவாளிகளாக மட்டுமே பார்த்தது. பாங்காக்கில் அவர்களிடையே தொற்று ஏறத்தாழ 1988ஆம் ஆண்டு ஒன்றிலேயே 30%ஐத் தாண்டியது. பிறகு அங்கேயே நிலைத்தது. 2003இல் தாக்சின் ஷினவத்ரா நடத்திய ‘போதைப்பொருள் போரில்’ மூன்று மாதத்துக்குள் 2,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். எஞ்சியோர் மருத்துவகத்தை விட்டு விலகி மறைந்தார்கள். வட்டாரம் ஒன்று, மதம் ஒன்று, மருத்துவத் துறை ஒன்று. விளைவு இரண்டானதற்குக் கொள்கை தவிர வேறு காரணம் காட்ட இயலவில்லை.

இங்கே கியூபாவை எடுத்துக்கொள்ள வேண்டும். என் அளவுகோலுக்கு அதுவே வலுவான எதிர்வாதம். 1986 முதல் அந்த அரசு தொற்றுள்ளோரைக் கண்டறிந்து காப்பகங்களில் அடைத்தது. சாப்பாடு, சம்பளம், மருத்துவம் எல்லாம் இருந்தன. வெளியேறும் உரிமை இல்லை. கட்டாயத் தங்கல் 1990களின் தொடக்கத்தில் தளர்ந்தது. கரீபியனின் மற்ற நாடுகளோடு ஒப்பிடக் கியூபாவின் விகிதம் மிகக் குறைவு. தாய்-சேய்த் தொற்றை ஒழித்த முதல் நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அதற்குச் சான்றளித்தது. அப்படியானால் கட்டாயம் வெல்கிறதா? எண்ணிக்கையில் வென்றது என்பதை மறுக்க இயலாது. ஆனால் அது ஒரு தீவு. தொற்று சில நூறு பேரிடம் இருந்தபோதே தொடங்கியது. மருந்தே இல்லாத காலம் அது. 2015இல் பெற்ற சான்றுக்கும் காப்பகத்துக்கும் தொடர்பில்லை. அது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எட்டிய ஆரம்ப சுகாதாரக் கட்டமைப்பின் பலன். இந்தச் சாதனையை மதிக்கலாம், முன்மாதிரியாக்க முடியாது.

மூன்றாவது இணையே மிகக் கடுமையான தீர்ப்பைக் கோருகிறது. ரஷ்யாவும் உக்ரைனும் ஒரே சோவியத் மருத்துவ மரபின் வாரிசுகள். இரண்டிலும் பெரும்பான்மைத் திருச்சபை மரபு ஒன்றே. தொற்றின் வழியும் ஹெராயின் ஊசிதான். மெத்தடோன், புப்ரெனார்ஃபின் ஆகிய மாற்று மருந்துகளை நாள்தோறும் வாய்வழி கொடுத்தால் ஊசியின் தேவை குறைகிறது, தொற்று குறைகிறது என்பதற்கான சான்று மலைபோல் குவிந்திருக்கிறது. 2005இல் உலக சுகாதார நிறுவனம் அவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. உக்ரைன் 2004இல் புப்ரெனார்ஃபினையும் 2008இல் மெத்தடோனையும் தொடங்கியது. ரஷ்யாவில் இன்றும் அடிமைத்தனத்துக்கான சிகிச்சையாக அவற்றைத் தருவது சட்டவிரோதம். ஊசி விநியோகித்த ஆண்ட்ரே ரில்கோவ் அறக்கட்டளையை அரசு 2016இல் ‘அயல்நாட்டு முகவர்’ என்று அறிவித்தது. அதே 2016 ஜனவரியில் அந்த நாட்டில் பதிவான தொற்றுகள் பத்து லட்சத்தை எட்டின.

ஒரே மக்கள் மீது இரண்டு கொள்கையையும் வரலாறே சோதித்துப் பார்த்த இடம் கிரிமியா. 2014 வரை அங்கே ஏறத்தாழ 800 பேர் உக்ரைன் திட்டத்தில் மாற்று மருந்து எடுத்துவந்தார்கள். அந்த ஆண்டு ரஷ்யா அதைத் தன்னோடு இணைத்துக்கொண்ட பிறகு சில வாரங்களிலேயே மருந்து நின்றது. அவர்களில் 80 முதல் 100 பேர்வரை இறந்ததாக ஐ.நா.வின் எய்ட்ஸ் தூதராக இருந்த மிஷேல் கசட்ச்கின் மறு ஆண்டு தெரிவித்தார். ஊரும் மக்களும் பழக்கவழக்கமும் மாறவில்லை, சட்டம் மாறியது. உக்ரைனைப் புகழ்வதற்கும் எல்லை உண்டு. தேவையுள்ளோரில் சிறு பகுதிக்கே அதன் திட்டம் எட்டியது; நெடுநாள் வெளிப்பணத்தை நம்பியிருந்தது. ஆயினும் திசை சரியாக இருந்தது. ஐரோப்பாவின் மறுகோடியில் போர்ச்சுகல் 2001இல் போதைப்பொருளின் சொந்தப் பயன்பாட்டைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கி, சிகிச்சையைப் பெருக்கியது. ஊசிவழிப் புதிய தொற்றுகள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேலிருந்து சில பத்துகளாக இறங்கின. கத்தோலிக்க மரபு அதற்குக் குறுக்கே நிற்கவில்லை.

அமெரிக்காவை எந்த இணையிலும் எளிதில் வைக்க முடியாது. அறிவியலில் முதலிடம், பரப்பில் பின்னிடம். மருந்துகளில் பெரும்பாலானவை அங்கிருந்தே வந்தன. 1987இல் தொடங்கிய ஆக்ட் அப் இயக்கம் மருந்து ஆய்வின் விதிகளையே மாற்றியது. சிகிச்சையால் வைரஸ் அடங்கியவர் பாலுறவில் தொற்றைக் கடத்துவதில்லை என்பதற்கு வழிகாட்டிய 2011ஆம் ஆண்டின் ஆய்வும் அந்நாட்டு நிதியில் நடந்ததே. ஆனால் கண்டறியப்பட்டோரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கே வைரஸ் அடங்கியிருக்கிறது. போட்ஸ்வானாவின் எண்ணோடு இதை நேரடியாக ஒப்பிடுவதில் முறையியல் சிக்கல் உண்டு. ஒன்று வீடுசார் ஆய்வு, மற்றது பதிவேட்டுக் கணக்கு. அந்தக் கழிவையெல்லாம் கொடுத்த பிறகும் இடைவெளி மிஞ்சுகிறது. புதிய தொற்றுகளில் ஏறத்தாழ பாதி தென் மாநிலங்களில். அங்கும் கறுப்பின மக்களிடையே மிகுதி.

இந்தியானா மாநிலத்தின் ஆஸ்டின் என்ற ஊரைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். மக்கள்தொகை சுமார் 4,200. வலிநிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் அங்கே குடும்பத்தின் இரண்டு மூன்று தலைமுறைகளைப் பிடித்திருந்தது. ஒரே ஊசி பல கைகள் மாறியது. எச்ஐவி பரிசோதனை செய்துவந்த மாவட்டத்தின் குடும்பநல மருத்துவகம் 2013இல் மூடப்பட்டது. ஊசி மாற்றுத் திட்டம் அப்போது மாநிலச் சட்டப்படி குற்றமாக இருந்தது. ஆண்டுக்கு ஐந்து தொற்றுகூடப் பதிவாகாத மாவட்டத்தில் 2015 நவம்பருக்குள் 181 தொற்றுகள் உறுதியாயின. ஆளுநர் மைக் பென்ஸ் 2015 மார்ச் இறுதியில் அவசரநிலை அறிவித்து ஊசி மாற்றுக்கு இடம் கொடுத்தார், தொற்று சரிந்தது. 2021இல் மாவட்ட ஆணையர்கள் அந்தத் திட்டத்தை மூட வாக்களித்தார்கள். சான்று கையில் இருந்தும் கைவிடப்பட்டதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு தேவையில்லை. இதே பாடத்தை பிரிட்டன் முப்பதாண்டுக்கு முன்பே கற்றிருந்தது. எடின்பரோவில் காவலர்கள் ஊசிகளைப் பறிமுதல் செய்தார்கள்; 1986இல் ஒரு மருத்துவகத்தில் சோதித்த ஊசிப் பயனாளர்களில் பாதிப்பேருக்குத் தொற்று. கிளாஸ்கோவில் அது மிகக் குறைவு. தாட்சரின் பழமைவாத அரசே மறு ஆண்டு ஊசி மாற்று மையங்களைத் திறந்தது. கட்சிக் கொள்கைகூட விதியை எழுதுவதில்லை. சான்றை மதிக்கும் பழக்கமே எழுதுகிறது.

இந்தியாவின் கணக்கு சென்னையிலிருந்து தொடங்குகிறது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நாட்டின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். தமிழகம் 1994இல் தனி எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைத்தது. பிறகு மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று சுவர்தோறும் கேட்ட விளம்பரம் வாயடைத்துக் கிடந்த ஒரு பொருளைத் தேநீர்க்கடைப் பேச்சாக்கியது. விளம்பரக் கலையில் அது தேர்ச்சி. ஆனால் தொற்றைக் குறைத்த பெருமையை அதற்குத் தந்துவிட முடியாது. நாமக்கல் லாரி ஓட்டுநர்களிடமும் பாலியல் தொழிலாளர்களிடமும் தன்பாலின உறவுள்ள ஆண்களிடமும் அவர்களிலிருந்தே தேர்ந்த பணியாளர்கள் நாள்தோறும் செய்த வேலைக்கும், அரசு மருத்துவமனைகளின் ‘நம்பிக்கை மையம்’ என்ற பரிசோதனை மையங்களுக்கும், தாம்பரம் மருத்துவமனையில் 2004இல் தொடங்கிய இலவச மருந்துக்குமே அது உரியது. தென் மாநிலங்களில் 15 முதல் 24 வயதுக் கர்ப்பிணிகளிடம் தொற்று 2000இல் 1.7%, 2004இல் 1.1%. இளவயதினரின் விகிதம் சாவால் குறைவதில்லை. ஆகவே இந்தச் சரிவு நம்பத் தக்கது. ஆனால் அதே தேசியத் திட்டத்தின் கீழ் இருக்கும் மிசோரமில் 2023 மதிப்பீட்டின்படி 2.7%, தேசியச் சராசரி 0.2%. வடகிழக்கின் தொற்றில் ஊசிவழியின் பங்கு பெரிது. தெற்கில் பாலியல்வழித் தொற்றுக்காகச் செதுக்கிய முறை அங்கே போதாது. மாற்று மருந்து தாமதமாகவும் போதாமலும் போய்ச் சேர்ந்தது. தாய்லாந்தின் இரட்டை முகம் இங்கே வரைபடத்தில் பிரிந்து கிடக்கிறது.

மருந்துக் களத்தில் இந்தியாவின் பங்கு ஐயத்துக்கு இடமில்லாதது. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் ஆன கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருவதாக சிப்லா மருந்து நிறுவனத்தின் யூசுஃப் ஹமீத் 2001 பிப்ரவரியில் அறிவித்தார். அதைச் சாத்தியமாக்கியது 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். ஆப்பிரிக்கா சாதித்த 59 விழுக்காட்டுக்குள் அந்த மாத்திரைகளும் இருக்கின்றன. விந்தை என்னவென்றால், உலகத்துக்கு மருந்து செய்த நாடு தன் மக்களுக்கு இலவசமாகத் தர மேலும் மூன்றாண்டு எடுத்துக்கொண்டது. பிரேசில் இதில் முந்திக்கொண்டது: 1996இலேயே சட்டப்படி எல்லாருக்கும் இலவச மருந்து, 2007இல் எஃபவிரென்ஸ் என்ற மருந்துக்குக் கட்டாய உரிமம், பாலியல் தொழிலைக் கண்டிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்த சுமார் நான்கு கோடி டாலர் அமெரிக்க உதவியை 2005இல் மறுத்த துணிவு. வேகத்திலும் நிலைப்பிலும் பிரேசிலுக்கு உயர் மதிப்பெண். தடுப்பில் அதன் வட்டாரம் பின்தங்கிவிட்டதை மேலே கண்ட 9% சொல்கிறது.

நன்கொடைப் பணத்தை எப்படி மதிப்பிடுவது? 2003இல் அமெரிக்க அதிபர் புஷ் தொடங்கிய பெப்ஃபார் என்ற எய்ட்ஸ் உதவித் திட்டத்தால் லட்சக்கணக்கானோர் அல்ல, கோடிக்கணக்கானோர் உயிர் பிழைத்தார்கள். இதை மறுப்பது நேர்மையாகாது. அதே திட்டம் தடுப்பு நிதியில் மூன்றில் ஒரு பங்கைத் திருமணம்வரை விலகியிருக்கச் சொல்லும் பிரசாரத்துக்கு ஒதுக்கியது. அப்படிச் செலவான 140 கோடி டாலரால் பாலியல் நடத்தையில் அளக்கத்தக்க மாற்றம் ஏதும் இல்லை என்று 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. சிகிச்சையில் சான்றைப் பின்பற்றியது. தடுப்பில் சான்றுக்கு முன் ஒழுக்கத்தை வைத்தது. நிலைப்பு என்ற மூன்றாம் அளவுகோல் 2025 ஜனவரியில் தானே வந்து சோதித்தது. வாஷிங்டனில் இட்ட ஒரு கையெழுத்தில் உதவி உறைந்தது. பல நாடுகளில் பணியாளர்கள் மறுநாளே வேலையிழந்தார்கள். தன் எய்ட்ஸ் செலவில் சுமார் 17% மட்டும் பெப்ஃபாரிடம் பெற்றுவந்த தென் ஆப்பிரிக்கா தடுமாறியது; பெரும்பகுதியை வெளியிலிருந்து பெற்ற மலாவி, மொசாம்பிக் போன்ற நாடுகளுக்கு அடித்தளமே ஆடியது. குற்றம் நிறுத்தியவருடையது. தன் மக்களின் மாத்திரையை இருபதாண்டு மற்றொருவரின் வரவு செலவில் விட்டுவைத்த அரசுகளுக்கும் அதில் பங்கு உண்டு.

இனித் தீர்ப்பு. சிகிச்சையில் உலகின் மிகப் பெரிய சாதனை கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவுடையது. அதன் நிலைப்பு இன்னும் உறுதிப்படவில்லை. தடுப்பில் மிக நேர்த்தியான செயல் தாய்லாந்தின் ஆணுறைத் திட்டம்; அதன் மனிதநேயம் பாதியில் நின்றுவிட்டது. சான்றைப் பின்பற்றியது போர்ச்சுகல். அறிவுக்கும் செயலுக்கும் இடைவெளி மிகுதியாக உள்ள நாடு அமெரிக்கா. பணமும் மருத்துவரும் சான்றும் இருந்தும் மறுத்ததால், மன்னிப்புக்கு மிகக் குறைந்த தகுதி உடையது ரஷ்யா. இந்தியா தெற்கில் தேர்ந்தது. வடகிழக்கில் அதே தேர்வை மறுபடி எழுத வேண்டும். வட்டார அட்டவணை நிதி பங்கிட உதவும். காரணம் சொல்லும் தகுதி அதற்கு இல்லை. ‘எங்கள் பண்பாட்டுக்கு இது ஒத்துவராது’ என்று ஓர் அரசு சொல்லும்போது, அதே பண்பாட்டில் அதைச் செய்து காட்டிய அண்டை நாட்டின் பெயரைக் கேட்பதே திறனாய்வின் கடமை.

அடுத்த சோதனை தொடங்கிவிட்டது. ஆண்டுக்கு இரண்டே ஊசியில் தொற்றைத் தடுக்கும் லெனகாபவிர், தென் ஆப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில் அதைப் பெற்ற 2,134 இளம்பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவிடவில்லை. அமெரிக்காவில் அதன் ஆண்டு விலை 28,000 டாலருக்கு மேல். 120 நாடுகளுக்கு 2027 முதல் 40 டாலருக்குத் தர இந்திய நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. இதே மருந்தின் மற்றோர் ஆய்வுக்குத் தன் மக்களைத் தந்த பிரேசில் அந்தப் பட்டியலில் இல்லை. கைவசம் உள்ள சிகிச்சையின் கணக்கோ இன்னும் தீரவில்லை: ஆண்டுக்கு 45 டாலருக்கும் குறைந்த விலையில் மாத்திரை கிடைக்கும் இந்நோயால் 2023இல் 6,30,000 பேர் இறந்தார்கள்.